போயிட்டு வாங்க

ஆலயத்திலிருந்து திரும்பி மத்தியானச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவரைப் பார்த்ததும் கையிலிருந்த குழம்புச் சட்டியை அப்படியே கீழே வைத்தேன். அச்சகத்தில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர். காகிதம் வெட்டும் மெஷினுக்குள் இவர் கை இருப்பதைக் கவனிக்காமல் சுவிட்சைத் தட்டியவர். என் வீட்டுக்காரருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

"நீங்கதான்க்கா வரச் சொன்னீங்க," என்றார் தரையைப் பார்த்தபடி.

நானா? ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுவிட்டுக் கிளம்பியவரிடம் "போயிட்டு வாங்க" என்றேன்தான். அதைப் பால்காரரிடமும்தான் சொல்கிறேன், அவர் என்ன சாப்பிடவா வந்து உட்கார்ந்தார்? என் வாய்ப்பழக்கத்தை அழைப்பாக எடுத்துக்கொண்டு இத்தனை மாதமாகத் தைரியம் சேர்த்திருக்கிறார் மனுஷர். வந்தவரைத் துரத்த எனக்கு வாய் வரவில்லை. ஆனால் "அவன் இந்த வாசப்படிய மிதிச்சா நடக்கறதே வேற" என்று இவர் சொன்னதும் காதிலேயே இருந்தது. சாப்பாட்டு ஜெபத்தில்கூட, "நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும்" என்ற வரி வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிவிடுவார். ஆண்டவருக்குக் காது மந்தம் என்று நினைப்பு.

"உள்ள வாங்க தம்பி."

மூன்றாவது தட்டை வைத்து அவரை உட்கார வைத்தேன். அறையிலிருந்து வந்த இவர் முகம் கறுத்துப் போயிற்று.

"யாரு இவன வரச் சொன்னது?"

"நான்தான்," என்றேன். சொல்லும்போதுதான் அது உண்மையாயிற்று.

அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கை கூப்பி ஜெபத்தை ஆரம்பித்தார். அந்த வரி வந்தது. செருமவில்லை, தாண்டவும் இல்லை. அப்படியே நின்றுவிட்டார். குழம்பில் ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.

வந்தவர் மெல்ல எழுந்து வாசலுக்குப் போனார்.

"நான் போறேண்ணே."

"டேய்!" இவர் போட்ட சத்தத்தில் கரண்டியைக் கீழே விட்டேன். "ஒரு வீட்டுக்கு வந்துட்டு போறேன்னா சொல்லுவ? வர்றேன்னு சொல்லித் தொலைடா!"

சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டவர்போல வாயை மூடிக்கொண்டார். அது கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியபடி வாசலில் நின்றார். உதடு அசைந்தது, அந்த ஒரு சொல் வெளியே வரவில்லை. இவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் குறைந்த கையும் நல்ல கையும் இன்னும் கூப்பியபடியே இருந்தன.