ஒரு தடவைதான் கேட்டார்

நான்காண்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் பட்டியலைத் துறை வாசலில் ஒட்டியிருந்தார்கள். பதினொரு பெயர்கள். கயல்விழி மூன்று முறை படித்துப் பார்த்தாள். அவள் பெயர் இல்லை.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், தேங்காய்ப் பவுடர் செய்யும் ஆலையின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. வீட்டில் நான்கு வயது மகள். வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் எம்.எஸ்ஸி. உணவு அறிவியலை நான்கு வருடத்தில், சனி ஞாயிறுகளில் படிக்கலாம் என்று அறிவித்ததால்தான் இந்தக் கோயம்புத்தூர் கல்லூரிக்கே விண்ணப்பித்தாள். இப்போது அவள் பெயர் இரண்டு வருட முழுநேரப் பட்டியலில் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. வேலையை விட வேண்டும், இல்லையென்றால் படிப்பை. மாற்றிக்கொள்ள இன்று நான்கு மணி வரைதான் நேரம்.

அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நேர்காணல் நினைவுக்கு வந்தது. பேராசிரியர் இல்மா, சென்னைக்காரர், நான்கு வருடம் வேண்டுமா என்று கேட்டார். "பரவாயில்லைங்க, வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கயல்விழி காத்திருந்தாள். அவள் ஊரில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. அட, அப்படிச் சொன்னால் எப்படி என்று மறுபடி கேட்பார்கள். அப்போதுதான் சரி என்று சொல்ல வேண்டும். இல்மா மறுபடி கேட்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவருக்கே புரிந்திருக்கும் என்று நம்பி, பேருந்து ஜன்னலில் தென்னைகள் மிதந்து போக, கனவு கண்டபடி அவள் ஊர் திரும்பியிருந்தாள்.

மணி மூன்றரை. இல்மாவின் அறை திறந்திருந்தது. என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று அவள் வாய் தானாகவே சொன்னது. இல்மா தலையசைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் இன்னொரு தடவை கேட்கவே மாட்டார் என்பது கயல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க மேடம், அன்னைக்கு நாலு வருசம் வேண்டாமுன்னு சொன்னேனுங்களே. எனக்கு அதுதானுங்க வேணும்."

"அப்புறம் ஏன் வேண்டாம்னீங்க?"

"நீங்க இன்னொருக்கா கேப்பீங்கன்னு இருந்தேனுங்க."

 இல்மா சேர்க்கைக் கோப்பைத் திறந்து, பெயர்களின் மேல் விரலை ஓட்டினார். வேலையில் இருக்கிற இன்னும் மூன்று பேர் இதேபோல வேண்டாம் என்றிருக்கிறார்கள், ஏனென்று தனக்கே விளங்கவில்லை என்றார்.

"கூப்பிட்டுக் கேளுங்க மேடம். ரெண்டு தடவை கேளுங்க."

இல்மா சிரித்துக்கொண்டே மாற்றுப் படிவத்தை அவளிடம் நீட்டிவிட்டு, அந்த மூவரில் ஒருவரான அந்தியூர்க்காரர் பாலகோபாலுக்குப் போன் செய்தார். அவர் என்ன சொன்னாரோ, இல்மா சற்றுத் தயங்கி, கேட்டதையே திரும்பக் கேட்டார்.

படிவத்தில் முதல் பருவத்துக்கு இரண்டு பாடங்கள் எழுத இடம் இருந்தது. ஒன்று நுண்ணுயிரியல். அது ஆலையில் தினமும் பார்ப்பதுதான். இரண்டாவதாக எதை எழுதுவது என்று பேனா தயங்கியது. கல்லூரி நாளிலிருந்தே அவளுக்குப் புள்ளியியல் என்றால் பயம். இப்போது படிக்க நான்கு வருடம் இருக்கிறது. புள்ளியியல் என்றே எழுதினாள்.