காதுக்குப் பின்னால்

…கையைக் கழுவிவிட்டுத் தொட்டிருக்கலாம், கழுவவில்லை, கழுத்தில் அரித்த இடத்தைச் சொறிந்துவிட்டு அதே விரல்களை மறுபடியும் ரத்தத்துக்குள் விட்டாள் கன்யாரத், சுமாலி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கிண்ணம் நிறைய எருமை ரத்தம், அதில் எலுமிச்சைப்புல்லைப் போட்டுக் கசக்கிப் பிசைந்தால் கவுச்சி போகும் என்று சமையல் சொல்லிக்கொடுக்கும் டுவாங் பெரியம்மா சொன்னதும் சொன்னாள், இவள் முழங்கைவரை இறங்கிவிட்டாள். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரர்கள் சமர்த்தாகத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பச்சைக் குழம்பு கிண்டிக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் வேகாத இறைச்சியில் ரத்தம் பிசைந்த லாப் வேண்டுமாம். "அதெல்லாம் அவங்களுக்கு, பெரியம்மா. நாங்க இந்த நாட்டுக்காரங்க. எங்களுக்கு நிஜ சமையல் சொல்லிக்குடுங்க." இந்த நாட்டுக்காரியாம்… பதிமூன்று வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு மூன்று வாரத்துக்கு வந்திருக்கிறாள், இறால் விழுது வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறாள், வேகாத இறைச்சியைத் தின்று நாட்டுப்பற்றைக் காட்டப்போகிறாள். பெரியம்மா சிரித்தாள், "பித்தநீர் விடட்டுமா, பொண்ணே? கசக்கும்" என்றாள், "விடுங்க விடுங்க" என்று கன்யாரத் கத்தினாள், பழுப்புப் பச்சையாக ஏதோ சொட்டியது, சுமாலி முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையைவிட்டு ஓரடி பின்வாங்கினாள்.

ஆனால் ரத்தத்தில் என்ன அருவருப்பு உனக்கு, இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள், ரத்தமும் சீழும் மூத்திரமும் தொட்டுவிட்டுத்தான் மத்தியானம் சோறு தின்கிறாய்… ரத்தம் இல்லை, ரத்தம் பாவம் அதன் பாட்டுக்குக் கிண்ணத்தில் கிடக்கிறது, அந்த விரல்கள்தான். குட்டையான, நுனி அகன்ற, எப்போதும் ஈரமாக இருக்கும் விரல்கள். அவளும் கன்யாரத்தும் பென்ஸ்ரீயும் ஒரே நர்ஸிங் பள்ளியில், ஒரே அறையில் மூன்று வருடம் கிடந்தவர்கள், அப்போதெல்லாம் இந்த விரல்கள் தன் தலைமுடியைப் பின்னிவிட்டிருக்கின்றனவே, அருவருக்கவில்லையே, எப்போதிலிருந்து? "ஏய் சுமா, வாயத் தொற" என்று கன்யாரத் ஒரு கவளத்தை நீட்டினாள். பென்ஸ்ரீ இடையில் புகுந்து, "அவளுக்கு எதுக்குடி, அவ சாமியார், எனக்குக் குடு" என்று வாயைப் பிளந்து வாங்கிக்கொண்டாள். பென்ஸ்ரீ இப்படித்தான், இந்தப் பயணத்துக்கு வண்டி, விடுதி, சமையல் வகுப்பு, யானை முகாம் எல்லாம் அவள் ஏற்பாடு. நாம மூணு பேரும் இன்னொரு தடவை எப்போ சேரப்போறோம், வாடி வாடி என்று ஒரு மாதமாகப் போனில் பிடுங்கியெடுத்து, பாங்காக்கிலிருந்து சியாங்மாய்வரை இழுத்துவந்துவிட்டாள். வந்திருக்கக் கூடாது. வகுப்பு முடிந்து யானை முகாமுக்கு வேன் ஏறினார்கள், மலைப்பாதை வளைந்து வளைந்து போயிற்று, கன்யாரத் பசையரிசிச் சோற்றை உருட்டி உருட்டித் தின்றாள், ஒவ்வொரு உருண்டைக்குப் பிறகும் கட்டைவிரலை உறிஞ்சும் சத்தம் கேட்டது, சுமாலி சன்னலைத் திறந்து முகத்தை வெளியே வைத்துக்கொண்டாள்.

முகாமில் எல்லோருக்கும் சிவப்பு நூல் வைத்துத் தைத்த ஒரே மாதிரிச் சட்டை கொடுத்தார்கள், முன்பு போட்டிருந்தவரின் வியர்வை அதில் காயாமல் இருந்தது. இங்க சங்கிலி கிடையாது, அங்குசம் கிடையாது, சவாரி கிடையாது, அன்பு ஒண்ணுதான் என்று ஒரு பெண் ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் சொன்னாள். வாழைப்பழமும் சோறும் புளியும் உப்பும் பிசைந்து பந்தாக உருட்டி யானைக்கு ஊட்ட வேண்டும். காலையில் மனிதனுக்குப் பிசைந்தோம், இப்போது யானைக்கு. மே கம்மூன் என்று பெயர், கிழட்டுப் பெண் யானை, நெற்றிப்பொட்டு குழிந்து கிடந்தது. தும்பிக்கை நீண்டு வந்து சுமாலியின் உள்ளங்கையைத் துழாவியது, உள்ளே சூடாக, ஈரமாக, சளி பிடித்த நோயாளியின் மூச்சைப்போல… உருண்டையை எடுத்துக்கொண்டு போகையில் மணிக்கட்டுவரை கோழை இழுத்துவிட்டது. துடைத்தாள், சட்டையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அப்புறம் சேற்றுக்குளம். ஆளாளுக்கு இறங்கினார்கள், சுமாலியும் கரையோரமாக இறங்கி நின்றாள், லத்தி உருண்டைகள் மிதந்தன, கன்யாரத் அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு யானையின் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சாய்ந்தாள். "எடுடி சுமா, சீக்கிரம்! சிரிக்குது பாரு, யானையே சிரிக்குது!"

போனை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். திரையில் சேறு பூசிய இரண்டு முகங்கள், ஓரத்தில் பாகன். விச்சாய் என்று எல்லோரும் கூப்பிட்ட ஐம்பது வயது மனிதன், பிரியமாக யானையின் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றான். எவ்வளவு பிரியம் என்று யாரும் சொல்வார்கள். கன்யாரத்தைப் பெரிதாகக் காட்டத் திரையில் விரலை விரித்தாள், படம் நகர்ந்து அந்தக் கை பெரிதாகியது. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் ஏதோ மினுங்கியது, ஆணி, கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் ஆணி. யானை முகத்தைத் திருப்பப் பார்த்தது, அந்தக் கை அரை அங்குலம் அழுந்தியது, அவ்வளவுதான், யானை அப்படியே நின்றுவிட்டது, கண்கூட இமைக்கவில்லை. கை நகர்ந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாகப் பிளந்து நீர் கோத்திருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன்… ஆணியை இல்லை, இந்த அமைதியை. "எடுத்தியா?" என்று கன்யாரத் கத்தினாள், எடுத்தேன் என்றாள் சுமாலி, எடுத்தும்விட்டாள், நன்றாகத்தான் வந்திருந்தது.

ஒன்பதாம் படுக்கை. லமாய் அம்மா. கரையேறிக் குழாயடிக்குப் போவதற்குள் அந்தப் பெயர் வந்துவிட்டது, பதிமூன்று வருடமாக நாக்குக்கு வராத பெயர். அவளும் கன்யாரத்தும் முதலில் வேலைக்குச் சேர்ந்த முதியோர் இல்லத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், பார்வையாளர் வரும் நேரத்துக்கு முன்னால், எழுந்து எழுந்து நடந்து விழுகிற லமாய் அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டி, மேலே பூப்போட்ட போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டால், மகள் வந்து பார்த்து, அம்மா இப்போ எவ்வளவு அமைதியா இருக்காங்க என்று நெகிழ்ந்து போவாள், பக்கத்தில் குனிந்து படம்கூட எடுத்துக்கொள்வாள். லமாய் அம்மாவும் சிரித்தமாதிரிதான் இருப்பாள். கடைசியில் இறந்தபோது போர்வையை விலக்கினார்கள், மணிக்கட்டில் வளையல்போலக் கறுப்பாய், அழுகி… அந்த மாதமே கன்யாரத் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஜெர்மனிக்காரனைக் கட்டிக்கொண்டு பறந்துவிட்டாள். ஓடிப்போனவள். செய்வதையும் செய்துவிட்டு. இதோ, அதனால்தான் அந்த விரல்கள், அதனால்தான் காலையிலிருந்து குமட்டுகிறது என்று ஒரு கணக்குத் தீர்ந்ததைப்போல இருந்தது, கோபம்கூட நிம்மதியாக இருந்தது.

குழாயடியில் விச்சாய் நின்றிருந்தான், கால் கழுவுகிற மாதிரி. "பாத்துட்டீங்க, இல்ல?" என்றான் மெதுவாக. அவள் குழாயைத் திறந்தாள். "நான் குத்தறதில்ல தங்கச்சி. தொட்டுக்கிட்டு நின்னாப் போதும், அதுக்குத் தெரியும். நான் கைய எடுத்துட்டேன்னு வைங்க, உங்க தோழி தானா கரையேறியிருக்க மாட்டாங்க. அங்குசம் வெச்சா நீங்கல்லாம் வர மாட்டேங்கறீங்க, நாங்க என்ன பண்றது?" புண்ணாகி நீர் வடிகிறதே என்று கேட்டாள், தன் குரல் நர்ஸ் குரலாக இருந்தது. "அது பழசு. ஆறுறதுக்குள்ள அடுத்த வண்டி வந்துடுது." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "எல்லாம் அதோட நல்லதுக்குத்தான்" என்றான். அவன் போன பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவங்க நல்லதுக்குத்தான்… லமாய் அம்மாவின் மகள் ஒருமுறை கேட்டாளே, அம்மா கையை வெளியே எடுக்கவே மாட்டேங்கறாங்களே ஏன் என்று, யாரோ பதில் சொன்னார்களே, குளிருதுன்னு சொன்னாங்க, அவங்க நல்லதுக்குத்தான் மூடி வெச்சிருக்கோம் என்று. யார் சொன்னது? கன்யாரத் இல்லையா?

சேற்றை வழித்துக்கொண்டு கன்யாரத் வந்தாள், பல் மட்டும் வெள்ளையாக. இப்போது கேட்டுவிட வேண்டும், பென்ஸ்ரீ வருவதற்குள், இவள் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும். "கன்யா, லமாய் அம்மாவ ஞாபகமிருக்கா உனக்கு?" முகம் சுருங்கத்தான் செய்தது, ஆனால் அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. கன்யாரத் சுற்றுமுற்றும் பார்த்தாள். குழாயை மூடினாள். "எதுக்கு சுமா இப்போ அது?" என்றாள், பிறகு குழந்தையிடம் பேசுவதுபோல, "நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. என் புருஷன்கிட்டகூடச் சொல்லல. நீ கவலப்படாத" என்றாள்.

நீ கவலைப்படாதே… இவள் என்னைப் பார்த்து ஏன் அப்படி… பொய், கெட்டிக்காரப் பொய், என் தலையில் கட்டப் பார்க்கிறாள். சரி, நினைத்துப் பார், நன்றாக நினைத்துப் பார், அந்த அறை, பச்சைத் திரை, கட்டில் கம்பியில் பெயர்ந்த வண்ணம், முடிச்சு தெரிகிறது, மிக அருகில் தெரிகிறது, தளர்த்த முடியாத இரட்டை முடிச்சு, லமாய் அம்மாவின் மூச்சு முகத்தில் படுகிற அவ்வளவு அருகில். கன்யாரத் எங்கே? கன்யாரத் வாசலில் நிற்கிறாள். மருந்துத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், வாய் ஏதோ சொல்கிறது. இரண்டு கையாலும் தட்டு. அப்படியானால் முடிச்சின் மேல் இருக்கிற கைகள்… வேனிலிருந்து பென்ஸ்ரீ, "வாங்கடி, இருட்டறதுக்குள்ள மலை எறங்கணும்" என்று கூவினாள். கன்யாரத் அந்த ஈரமான குட்டை விரல்களால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுமாலிக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்போலத்தான் இருந்தது, அருவருப்பு அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் பின்னிக் கிடந்த அந்தப் பத்து விரல்களில் எது யாருடையது என்று சேற்றுக்குள் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.