ஓரம்கட்டி நிற்கும் லாரி

"மாத்தணுமா வேணாமான்னு நீங்க முதல்ல முடிவு பண்ணுங்க சார்" என்று கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டை மறுபடி அலமாரியில் வைத்தார். ஒரே பெட்டியை வாராவாரம் எடுத்துக்காட்டச் சொன்னால் யாருக்கும் அலுக்கத்தான் செய்யும். விலைக்காக இழுக்கிறேன் என்று நினைத்து, குறைத்துத் தருவதாகவும் சொன்னார். அவரிடம் என்னவென்று விளக்குவது?

நான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மேலேயும் கீழேயும்தான் பிழைப்பு. நேராகப் போவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், அதுவும் கம்ப்யூட்டரில், லாரி ஓட்டும் விளையாட்டில். கல்யாணமாகித் தொலைவில் இருக்கும் மகளும் நானும் ஆளுக்கொரு லாரியில் சரக்கேற்றிக்கொண்டு கிளம்புவோம். திரையில் படத்தை ஓட்டும் என் பழைய கார்டு நெடுஞ்சாலையில் எப்படியோ சமாளிக்கும். ஊருக்குள் நுழைந்தால் கட்டடங்களைக் கண்டு மிரண்டு படம் சிக்கிச் சிக்கி நிற்கும். மகள் முன்னால் போய் ஓரம்கட்டுவாள். நான் வந்து சேரும்வரை ஹெட்போனில் பேசுவாள். மாமியாரின் முட்டிவலி, ஆபீசில் மூக்கால் பேசும் மேனேஜர், தனக்குச் சரியாகத் தூக்கம் வராதது எல்லாம் வரும். ஒருநாள் அழுதுகூட விட்டாள். ஓட்டும்போது வாயே திறக்கமாட்டாள். போனில் கூப்பிட்டால் "நல்லாருக்கேன்பா, சாப்ட்டீங்களா?" என்பதோடு சரி. அவள் அம்மா இறந்தபிறகு இந்த வீட்டில் மனிதக் குரல் கேட்பதே அந்தக் கார்டின் புண்ணியத்தில்தான்.

போன வாரம் அவளே சொன்னாள்: "உங்களுக்காக நின்னு நின்னே பொழுது போயிடுதுப்பா. புதுசு வாங்கிடுங்க."

பிள்ளைக்குப் பாரமாக இருப்பானேன் என்று வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் கண்ணாடியாக இருந்தது. ரோட்டில் தேங்கிய மழைத்தண்ணீரில் தெருவிளக்குகூடத் தெரிந்தது. அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். ஓர் ஊர் வந்தது, போனது. இன்னோர் ஊரும் போனது. ஹெட்போனில் அவள் வீட்டு ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு தனியாக நான் எப்போதும் வண்டி ஓட்டியதில்லை.

அடுத்த ஊர் எல்லையில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அவள் லாரி சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"என்னப்பா, ஆளைக் காணோம்?"

"சிக்குதும்மா."

"புது கார்டுலயுமா?"

எனக்குப் பொய்யை நீட்டத் தெரியவில்லை.

தூரத்தில் அவள் லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது. பிறகு ஓரம்கட்டுவதற்கான இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது.