தரிசு விட்ட கடைகள்

ஜவ்வாது மலையில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் நிலத்தைப் பார்ப்பார்கள். வெற்றிவேலுக்கு நிலம் கிடையாது. வேலூரில் ஒரு ஷாப்பிங் மாலில் எட்டு வருஷமாக செக்யூரிட்டி. அப்படியானால் அதையே பார்த்துவிடலாம் என்று ராஜாக்கண்ணு, மனைவியையும் மகள் தேவயானியையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பெண் கேட்கப் போன இடத்தில் வெற்றிவேல் அளந்ததெல்லாம் மால் திறந்த புதிதில் நடந்த கதை. அப்போது எஸ்கலேட்டரில் ஏறவே வரிசை நிற்கும். பிறகு பைபாஸில் பெரிதாக ஒன்று வந்தது, ஜனங்கள் போனிலேயே வாங்கப் பழகினார்கள், கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நாற்பது கடையில் மிச்சம் ஆறு. அடுத்த மாதக் கடைசியில் அதுவும் இல்லை. மேனேஜர் கோபால்சாமியைக் கெஞ்சி, நின்றுபோன எஸ்கலேட்டரை அரை மணி நேரம் ஓட விட்டிருந்தான்.

ராஜாக்கண்ணு மூன்று மாடியும் ஏறி இறங்கினார். மூடிய ஷட்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட அவர் முகம் மலர்ந்தது. மலையில் இரண்டு ஏக்கர்காரன் இரண்டிலும் சாமை விதைப்பான். இருபது ஏக்கர்காரனால்தான் பாதியைத் தரிசு போட முடியும்.

"இத்தினி கடைய சும்மா போட்டு வச்சிருக்கான்னா, உங்க மொதலாளி லேசுப்பட்ட ஆளில்ல" என்றார். கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்று அங்கேயே மனைவியிடம் ஆரம்பித்துவிட்டார்.

வெற்றிவேல் அவரைத் திருத்தாமல் கூடவே நடந்தான். அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது.

தேவயானி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தவள். அந்தக் கம்பெனி மூடியதால் ஊர் திரும்பியவள். அப்பா அம்மாவை முன்னால் போகவிட்டு அவனிடம் கேட்டாள்.

"எப்ப மூடுறாங்க?"

"அடுத்த மாசக் கடைசி."

"நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா வேற மாரி ஆயிடும்."

சொன்னான். மூடப்போகிறார்கள், அதற்குப் பிறகு என்ன வேலை என்று தெரியாது, இரண்டையும் சொன்னான். ராஜாக்கண்ணுவுக்கு முகம் செத்துவிட்டது.

"இத்த ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னுதாங்க."

அவர் டீ குடிக்கக்கூட நிற்காமல் விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

மலையடிவாரம் போகும் ஒடுகத்தூர் பஸ் வந்தது. பெரியவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். தேவயானி படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பி, தன் போனை அவனிடம் நீட்டினாள்.

"உங்க நம்பரப் போடுங்க."

ராஜாக்கண்ணு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகளை ஏறச் சொல்லிக் கூப்பிடவில்லை. கண்டக்டர் விசிலடித்தார். வெற்றிவேல் இரண்டு முறை தப்பாகப் போட்டு, மூன்றாவது முறைதான் நம்பரைச் சரியாகப் போட்டான்.