மிதியில் இருந்த கால்

சந்திரமதி விற்றுவிட்ட கார், விற்ற சில வாரங்களிலேயே அவளுடைய வாசலுக்குத் திரும்பி வந்து நின்றது. காஜா பேராங் சாலையில் அன்று பிற்பகல் வீடுதோறும் புதுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நாடு சுதந்திரம் பெற ஒரு வாரம்கூட இல்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான் சிஹாபுதீன். சாலை முனையில் துணிக்கடை வைத்திருப்பவன். "வண்டியைத் திருப்பிக் குடுக்க வரலை. அந்தச் சிவப்பு விளக்குத்தான் அணைய மாட்டேங்குது."

சந்திரமதிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவள் வீட்டில் விளக்கை அணைக்கிறோம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. குளிர வைக்கிறோம் என்றே சொல்வார்கள். ஆனால் அவளைத் தைத்தது அந்தச் சொல் அன்று. விளக்கு இன்னும் எரிகிறது என்னும் செய்தியே தைத்தது.

அவ்விளக்கைப் பொருத்தியவர் அவள் கணவர் கலியாணசுந்தரம். டாக்சி ஓட்டியவர். பிரேக்கின் லைனிங், அதாவது சக்கரத்தை உரசி நிறுத்தும் பட்டை, தேய்வது ஓட்டுகிறவனுக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறதே என்பது அவருடைய தீராத கவலை. ஆகவே லைனிங்குக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைப் புதைத்து வைத்தார். லைனிங் தேய்ந்தால் கம்பி இரும்பில் உரசும். உடனே ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு எரியும். எரிந்தால் எரிந்ததுதான். புது லைனிங் போட்டாலும் தானாக ஓயாது. அதனை ஓய்விக்க இருவர் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் காருக்கு அடியில் படுத்துப் பித்தளைக் குமிழ் ஒன்றை அழுத்த வேண்டும்.

"நான் ஒருத்தனே செய்ய முடிஞ்சா, சோம்பல்பட்டு லைனிங் மாத்தாமலே விளக்கை நிறுத்திப்புடுவேன். நீ இருந்தா கேப்பேல்ல?" என்பார்.

அவளும் தவறாமல் கேட்பாள். மாற்றியாயிற்று என்ற பதில் வந்த பிறகே காலை வைப்பாள். அடியிலிருந்து, "மிதி சந்திரா... பிடி... விடு," என்று குரல் வரும். பிடி என்றால், விடு என்று சொல்லும்வரை காலை எடுக்கலாகாது. சில நாள் அவர் கதை பேசியபடியே விடு என்பதை மறந்துவிடுவார். "கால் மரத்துப்போச்சு, சாமி," என்று அவள் மேலிருந்து கத்துவாள்.

"தெங்கேரா பட்டறையிலே புது லைனிங்கே போட்டாச்சுக்கா," என்றான் சிஹாபுதீன். "விளக்கு மட்டும் நிக்கலை. வயரை வெட்டிடலாங்கிறார் பட்டறைக்காரர். வீட்டுல ஹஸீனாவுக்கு நிறைமாசம். புக்கிட் ரம்பாய்ல அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விடணும். அவளோ ஏறவே மாட்டேங்குறா. அந்த மனுசன் கண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கார்ங்குறா."

"நீ என்ன சொன்னே?"

"உயிரோட இருந்தப்போவே அவர் யாரையும் முறைச்சுப் பாத்ததில்லைடின்னேன்." சற்றே தயங்கினான். "இன்னொண்ணுக்கா. சொன்னா சிரிப்பீங்க. வண்டி முக்கி முக்கித்தான் முன்னால நகருது. யாரோ பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே இருக்குற மாதிரி. சக்கரத்தைக் கழட்டிப் பாத்தாச்சு, ஒரு குத்தமும் இல்லையாம்."

சந்திரமதி சிரிக்கவில்லை.

செமாபோக்கில் ஆளை இறக்கிவிட்டு அவர் கடைசியாகத் திரும்பிய மாலை அவள் கண்முன் வந்தது. கார் இதே இடத்தில் நின்றது. வெகுநேரமாகியும் அவர் இறங்காததால் அவள் போய்ப் பார்த்தாள். தலை இருக்கையில் சாய்ந்திருந்தது. மூச்சில்லை. வலது கால் பிரேக்கை அழுத்தியிருந்தது. சாக்கடைப் பக்கம் சாய்ந்த அந்தச் சரிவில், காருக்கு முன்னால் பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். கார் ஓர் அங்குலமும் நகர்ந்திருக்கவில்லை. அந்தக் காலை எடுக்க இரண்டு ஆண்கள் சிரமப்பட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எனக்கொன்றும் தெரியாது என்று அவள் சொல்லிவிடலாம், வயரை வெட்டிவிடுவார்கள். பிறகு அந்தக் கார் யாரையும் எச்சரிக்காது. வண்டியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். அந்த வார்த்தை அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கார் இவ்வாசலிலேயே நிற்கும். விளக்கு எரியும். அவரும் எங்கும் போகமாட்டார்.

ஆனால் அவ்வளவு நேரம் பிடித்திருந்தால் கால் எப்படி வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சக்கரத்துக்குக் கல்லு வை, தம்பி," என்றாள். "கை பிரேக்கையும் இழுத்துடு. முன்பக்கமாப் படுத்து உள்ளே கையை விட்டா, சுண்டைக்காய் அளவுல ஒரு பித்தளைக் குமிழ் தட்டுப்படும்."

அவன் அடியில் நுழைந்தான். அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. காலை மெல்ல நீட்டினாள்.

மிதி ஏற்கெனவே கீழே அழுந்தியிருந்தது.

அவள் கத்தவில்லை. இருக்கை ஓரத்தைப் பற்றிக்கொண்டாள். வழக்கமான கேள்வியை வழக்கமான குரலிலேயே கேட்டாள்.

"லைனிங் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சுக்கா," என்றான் சிஹாபுதீன் அடியிலிருந்து.

"குமிழை அழுத்து."

"அழுத்திட்டேன்."

இனி வரவேண்டிய சொல் ஒன்றுதான். இத்தனை ஆண்டுகளில் அதை அவள் கேட்டிருக்கிறாளே தவிர, ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தாள். கொடிகள் ஆடின.

"முன்னால பிள்ளைங்க யாரும் இல்லைங்க," என்று தணிந்த குரலில் சொன்னாள். "நான் பாத்துட்டேன். போதும். விடுங்க."

மிதி மெதுவாக, மிக மெதுவாக மேலெழுந்து அவளுடைய உள்ளங்காலைத் தொட்டது. வெறும் இரும்பின் குளிர்ச்சி. விளக்கு ஓய்ந்திருந்தது.

சிஹாபுதீன் சட்டையெல்லாம் புழுதியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தான். "நின்னுடுச்சே. ஆமா, என்னை வா போன்னுதானேக்கா பேசுவீங்க? இன்னைக்கு என்ன, 'விடுங்க'ன்னு மரியாதையெல்லாம் பலமா இருக்கு?"

"குளிர்ந்துடுச்சு, தம்பி," என்றாள் அவள். "ஹஸீனாவைக் கூட்டிட்டுப் போ. மறுபடி எரிஞ்சா லைனிங்கை மாத்திட்டு இங்கே வா. நான் மிதிக்கிறேன்."

கல்லை எடுத்துவிட்டு அவன் காரைக் கிளப்பினான். அது பாரம் இறங்கினாற்போல் இலகுவாக உருண்டு கொடிகளுக்கிடையே போயிற்று. "அக்கா, பஞ்சு மாதிரி போகுது," என்று அவன் சன்னல் வழியே கூவியது கேட்டது.

சந்திரமதி வீட்டுக்குத் திரும்ப அடியெடுத்து வைத்தாள். முடியவில்லை. வலது கால் இடுப்புவரை மரத்துப்போயிருந்தது. வாசல் கேட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு, காலில் உணர்வு திரும்பும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.