பன்னிரண்டாவது குறி

கல்குவாரியில் பாறைமேல் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் சேர்ந்திருந்தால் அங்கே துளை போட வேண்டும். வட்டம் இருந்தால் தொடக் கூடாது. துளை போடுபவர் பன்னிரண்டாவது இடத்தில் இயந்திரத்தை வைத்தபோது, சுண்ணாம்பால் குறி வைக்கும் அவர் மச்சான் தடுத்தான்.

"மாமா, நான் வெச்சது பதினொண்ணுதான்."

"அப்ப இத உங்கக்கா வந்து வெச்சாளா?"

தொட்டுப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டவில்லை. அவை முட்டைகள். விரிசலிலிருந்து விரல் நீளப் பல்லி ஒன்று வந்து அவற்றின்மேல் நின்றது. கால்களும் வாலும் ஆரஞ்சு, கழுத்து மஞ்சள், உடம்பு நீலச் சாம்பல். இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத பல்லி என்று குவாரி வாசலில் வனத்துறை ஒட்டியிருந்த படத்தில் இருந்தது இதுதான்.

"இத்தனூண்டு உடம்புல எவ்வளவு சாயம்டா."

"முட்டைய எடுத்து அடுத்த பாறையில வெச்சிடலாமா?"

"உடைஞ்சிடும். போடும்போது மெத்துனு இருக்குமாம், பாறையில ஒட்டி அப்படியே இறுகிடுமாம். அந்தப் படத்துக்குக் கீழயே எழுதியிருக்கு. நீ படம் மட்டும் பாத்திருப்ப."

"இந்தப் பாறைய விட்டா நாலு நாள் வேலை போச்சு, மாமா."

அவர் மச்சான் கையிலிருந்த சுண்ணாம்பை வாங்கி முட்டைகளைச் சுற்றி வட்டம் போட்டார். பல்லி அதைத் தாண்டி மேல் விரிசலுக்கு ஓடியது. வட்டத்தைப் பெரிதாக்கினார். அங்கே இன்னொரு ஜோடி முட்டை இருந்தது. இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் பாறை முழுவதும் வட்டத்துக்குள் வந்துவிட்டது.

மச்சான் தான் வைத்த பதினொரு குறிகளையும் ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தான்.