ஃப்ரிட்ஜில் வைத்த புளோரின்

தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அந்த ஆஸ்பத்திரி நிர்வாகியின் அபிப்பிராயம். புது ஸ்கேன் அறை வாசலில் ரிப்பன் கட்டியாகிவிட்டது. வெட்ட வேண்டிய பிரமுகர்தான் வந்து சேரவில்லை. ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் ஏற்றும் மருந்து மட்டும் சொன்ன நேரத்துக்கு ஈயக் குடுவையில் வந்து உட்கார்ந்திருந்தது.

"அவர் குடுவையக் கையில வாங்கி போட்டோ எடுத்த பிறகுதான் ஊசி. அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வைங்க மேடம்."

ஸ்கேன் பிரிவின் இயற்பியலாளருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "ஃப்ரிட்ஜ்ல வைக்க இது என்ன பாலா சார்? கதிர்வீசுற புளோரின். ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதி போயிடும். அப்புறம் மிச்சத்துல பாதி. ஐஸ்ல வச்சாலும் அடுப்புல வச்சாலும் அதுக்கு ஒண்ணுதான்."

"நல்லா இறுக்கி மூடுங்க. எங்க ஓடிடும்?"

"ஓடாது. ஆக்சிஜனா மாறிடும்."

"ஆக்சிஜன் நல்லதுதானே!"

இந்த ஆளோடு மல்லுக்கட்டினால் புளோரினுக்கு முன்னால் தன் ஆயுள் முடிந்துவிடும் என்று தோன்றியது அவளுக்கு. "சரி சார்" என்று குடுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

நேராகப் போனது பின்னறைக்கு. அங்கே முதல் நோயாளியான தையல்காரர் ஒருவர் காத்திருந்தார். தொண்டைப் புற்றுக்கு வைத்தியம் முடிந்தும் ஏதோ மிச்சமிருக்கிறதென்று டாக்டருக்குச் சந்தேகம். இன்றைய படத்தில் தொண்டை ஒளிர்ந்தால் நாளைக்குக் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். ஊர்க்கதை பேசாமல் ஒரு பித்தான்கூடத் தைக்காத மனிதர் அவர்.

ஊசியைப் போட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இது சர்க்கரையில சேர்த்த மருந்துண்ணே. புற்று இருந்தா அதுல போய் சேரும், எந்தத் தசை வேலை செய்யுதோ அங்கயும் போய் சேர்ந்துக்கும். பேசினீங்கன்னா தொண்டை ஒளிரும், டாக்டர் புற்றுன்னு நினைச்சிடுவாரு. படம் எடுத்து முடியறவரைக்கும் மூச்!"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கதவோரம் நின்ற அவர் மனைவி, "வீட்ல நான் கையெடுத்துக் கும்பிட்டாலும் மூடாத வாய்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

காலிக் குடுவை ஃப்ரிட்ஜுக்குப் போனது. பிரமுகர் ஆடி அசைந்து வந்தார். அந்த வெறும் ஈயத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தானே கண்டுபிடித்ததைப்போல் பல்லைக் காட்டினார். அதோடு தொலைந்தார்களா? கேமராவும் கையுமாகக் கூட்டம் பின்னறைக்குள்ளும் புகுந்தது.

"ஐயாவுக்கு நன்றி சொல்லி ரெண்டு வார்த்தை பேசுங்க," என்றார் நிர்வாகி.

இயற்பியலாளர் குறுக்கே பாய்ந்தாள். "அவர் பேசக்கூடாது சார்! எல்லாரும் வெளிய போங்க!"

"ரெண்டே வார்த்தை மேடம். குடியா முழுகிடும்?"

தையல்காரர் உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிரமுகரின் முகம் சுண்டிப்போனது.

"கல்லுளிமங்கன்! மரியாதை தெரியாத ஜென்மம்!" என்று எல்லார் எதிரிலும் பல்லைக் கடித்தார் நிர்வாகி. தையல்காரரின் கண் கலங்கியது. வாய் திறக்கவில்லை. சீ, இதெல்லாம் ஒரு நிர்வாகம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் டாக்டர் படத்தைப் பார்த்தார். தொண்டையில் ஒரு துளி ஒளி இல்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குள் அந்த உடம்பிலிருந்த புளோரினும் பெரும்பாலும் ஆக்சிஜனாகியிருக்கும்.

மனைவியோடு வெளியே வந்தவரை வராந்தாவில் மறித்துக்கொண்டு நின்றார் நிர்வாகி. கையில் குடுவைப் போட்டோ. "இப்பவாவது அந்த ரெண்டு வார்த்தைய சொல்றது!"

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் கரகரப்புத்தான், ஆனால் வராந்தாவின் கடைசிவரை கேட்டது.

"வழிய விடுங்க."